'தி' போடுவதா, விடுவதா? 'வீ' என்றால் யார்? அலுவலகத்தில் தினம் ஒரு பஞ்சாயத்து

தேரடிவாசி எழுதியது:

வணக்கம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். சரக்கு எங்கே நிற்கிறது, எந்தத் தாள் இன்னும் வரவில்லை, கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் ஏறும் டிடென்ஷன் கட்டணம் யார் தலையில் விழும் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு. (இங்கே தமிழ் எழுத்து மட்டும் என்பதால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் பெயர்ச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் 'தி' செருகுவார். அடுத்தவர் அதே கடிதத்தில் பாதி 'தி'யை அடித்துவிட்டு அனுப்பச் சொல்வார். காரணம் கேட்டால் முதலாமவர் "அப்படித்தான் வரும்" என்பார். இரண்டாமவர் "காதுக்கு நன்றாக இல்லை" என்பார். அவர் கான்வென்டில் படித்தவர், அவர் காதுக்குத் தெரிகிறது. நான் தமிழ் வழியில் படித்தவள். என் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.

ஒரு உதாரணம். ஐந்து கன்டெய்னர்கள் வந்த ஒரு சரக்கில் ஒன்று மட்டும் அடிபட்டிருந்தது. 'கன்டெய்னர் இஸ் டேமேஜ்ட்' என்பதற்கு முன்னால் முதலாமவர் 'தி' போட்டார். சரக்கை அனுப்பிய அயல்நாட்டுக்காரருக்குக் கடிதம் போனது. "எந்தக் கன்டெய்னர்? ஐந்துமா?" என்று பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க இருவருக்கும் வாக்குவாதம்.

இரண்டாவது உதாரணம் இன்னும் வில்லங்கமானது. காலிக் கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமாகி டிடென்ஷன் ஏறிவிட்டது. சரக்கை இறக்குமதி செய்தவருக்கு எங்கள் முதலாளி எழுதச் சொன்ன வரி: 'வீ ஹேவ் டு பே தி டிடென்ஷன்.' அவர் மனத்தில் இருந்தது, "இதைக் கட்டியாக வேண்டும், வேறு வழியில்லை" என்பது. அந்தப் பக்கமிருந்து வந்த பதில், நீங்கள் கட்ட ஒப்புக்கொண்டதற்கு நன்றி!

மூன்றாவது, இத்தாலியிலிருந்து கடிதம் போடும் ஒருவர். பெயர் ஆண்ட்ரியா. அவரைப் பற்றி இன்னொருவருக்கு எழுதும்போது 'ஹீ' என்பதா, 'ஷீ' என்பதா என்று அலுவலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இலக்கணப் புத்தகங்களில் விதிகள் வரிசையாக இருக்கின்றன. படிக்கும்போது புரிகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைகொடுப்பதில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த மூளைக்கு இதை ஏற்றுவதற்கு வழி உண்டா?


வியாசர்பாடி இளவல் எழுதியது:

அக்கா, இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எழுதியதைத் திருத்தித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டினால் 'தி', 'எ' எல்லாம் அதுவே போட்டுவிடும். நான் அப்படித்தான் வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதுகிறேன். இரண்டு பெரியவர்களையும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட விட்டுவிடுங்கள்.


தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

தேரடிவாசி, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் வீட்டாருக்கு உதவிவிட்டு, முதல் மணியிலேயே கண் சொக்குகிறவர்கள். அவர்களிடம் 'டெஃபினிட் ஆர்ட்டிகிள்' என்று ஆரம்பித்தால் இருக்கிற விழிப்பும் போய்விடும். அதனால் தமிழிலிருந்தே தொடங்குவேன்.

மேசைமேல் சாக்பீஸ் பெட்டியைத் திறந்து வைப்பேன். பெட்டிக்கு வெளியே, தனியாக, ஒரு மஞ்சள் சாக்பீஸ். ஒரு பையனைக் கூப்பிட்டு "சாக்பீஸ் எடு" என்பேன். பெட்டிக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுப்பான். அடுத்தவனைக் கூப்பிட்டு "சாக்பீஸை எடு" என்பேன். இவன் கை பெட்டிக்குப் போகாது. வெளியே கிடக்கும் மஞ்சளை எடுப்பான், அல்லது என் முகத்தைப் பார்த்து "எதை டீச்சர்?" என்பான். இரண்டு கட்டளைக்கும் வித்தியாசம் 'ஐ' என்ற ஒரே ஓர் உருபு. அந்த வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனாலும் கை சரியாகத் திரும்புகிறது. "இதோ பார், முதலில் சொன்னது 'எ சாக்பீஸ்', இரண்டாவது 'தி சாக்பீஸ்'. இவ்வளவு நாளும் 'தி' போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தாய்" என்பேன். அதற்கப்புறம் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

ஆக, நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். நான் எதைச் சொல்கிறேன் என்று படிக்கிறவருக்கு இந்த இடத்தில் தெரியுமா? எனக்குத் தெரியுமா என்பதில்லை. படிக்கிறவருக்கு. அடிபட்ட கன்டெய்னர் எது என்று உன் மேலதிகாரிக்குத் தெரியும், யார்டில் நிற்பதை நேரில் பார்த்திருப்பார். அதனால் 'தி' அவர் வாயில் இயல்பாக வந்துவிட்டது. அயல்நாட்டில் இருக்கிறவருக்கு ஐந்து கன்டெய்னர்கள் ஏற்றிய கணக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் 'தி கன்டெய்னர்' என்றால், மஞ்சள் சாக்பீஸ் இல்லாத மேசையில் "சாக்பீஸை எடு" என்றதற்குச் சமம். 'ஒன் ஆஃப் தி ஃபைவ் கன்டெய்னர்ஸ் இஸ் டேமேஜ்ட்' என்று தொடங்கியிருக்க வேண்டும். 'ஃபைவ்' முன்னால் 'தி' ஏன்? அந்த ஐந்து எவை என்று அவருக்குத் தெரியும், அனுப்பியவரே அவர்தானே. இந்த வரிக்குப் பிறகு கடிதம் முழுக்க 'தி டேமேஜ்ட் கன்டெய்னர்' என்று எழுதலாம், இப்போது எது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

புத்தகத்தில் "முதல் முறை சொன்னால் 'எ', மறுமுறை சொன்னால் 'தி'" என்று படித்திருப்பாய். பாதி உண்மை. 'எ கன்டெய்னர் அரைவ்ட் யெஸ்டர்டே. தி சீல் வாஸ் ப்ரோக்கன்.' சீலை இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறாய், ஆனாலும் 'தி'. கன்டெய்னர் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் சீல், அதன் கதவு, அதன் எண் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. எந்தச் சீல் என்று யாரும் கேட்கப் போவதில்லை. 'எ சீல் வாஸ் ப்ரோக்கன்' என்றால்தான் குழப்பம், பல சீல்கள் இருந்தனவோ என்று தோன்றும். தமிழிலும் "சீலை உடைத்திருந்தார்கள்" என்றுதானே சொல்வாய்?

பொதுவாகப் பேசும்போது பன்மை வெறுமனே நிற்கும். 'கன்டெய்னர்ஸ் ஆர் மேட் ஆஃப் ஸ்டீல்' என்பது உலகத்துக் கன்டெய்னர்கள் எல்லாவற்றையும் பற்றியது. 'தி கன்டெய்னர்ஸ்' என்றால் உன் ஐந்து. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்' இவற்றுக்கு 'எ' கிடையாது, கடைசியில் 'எஸ்'ஸும் கிடையாது. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று. தமிழில் "என்னுடைய இந்தப் பை" என்போம், தவறே இல்லை. அதை அப்படியே 'மை திஸ் பேக்' என்று ஆங்கிலத்தில் வைக்க முடியாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ', 'தி', 'திஸ்', 'தட்', 'மை', 'எங்கள்' என்று பொருள்படும் 'அவர்', 'ஈச்', 'எவ்ரி' ஆகியவற்றுக்கு ஒரே ஓர் இருக்கைதான். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர் நிற்க வேண்டியதுதான். ஒன்று 'மை பேக்', இல்லையேல் 'திஸ் பேக்'. இரண்டும் வேண்டுமானால் 'திஸ் பேக் ஆஃப் மைன்'. கான்வென்ட் அதிகாரி அடிக்கிற 'தி'களைப் பார். அவற்றில் சில, 'அவர்' என்ற சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ முதலாமவர் செருகியதாக இருக்கும். அங்கே காதுக்காரர் சொல்வது சரி.

வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் 'எ ஹவுஸஸ்' என்று எழுதினால் பிடித்துவிடும். 'எ கன்டெய்னரா', 'தி கன்டெய்னரா' என்பதை எப்படிப் பிடிக்கும்? இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியம். யார்டில் எத்தனை நிற்கின்றன, யாருக்கு எது தெரியும் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்.


கொருக்குப்பேட்டை கணக்கர் எழுதியது:

டீச்சர் சொன்ன 'ஐ' தந்திரம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நம்பி இறங்கினால் கவிழ்த்துவிடும். "தமிழைக் கற்றேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'தி தமிழ்' என்றா எழுதுவது? "நேரத்தை வீணாக்காதே" என்பதை 'தி டைம்' என்று எழுதினால் சிரிப்பார்கள். "ஒரு பையனைப் பார்த்தேன்" என்பதில் 'ஐ' பளிச்சென்று இருக்கிறது, ஆங்கிலத்தில் 'எ பாய்'தான். அதோடு, எழுவாய்க்கு உருபே கிடையாது. "கப்பல் வந்தது" என்பதில் எந்த 'ஐ'யைத் தேடுவது?


தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

கணக்கர் ஐயா கணக்காகத்தான் கேட்கிறார். நான்கையும் எடுத்துக்கொள்வோம்.

பையன் விவகாரம் எளிது. உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாக வந்தால் தமிழில் 'ஐ' கட்டாயம், அஃறிணைக்கு மட்டும்தான் விருப்பம். விருப்பம் இருக்கிற இடத்தில்தான் அந்த உருபு சேதி சொல்லும். பையனை, டாக்டரை, மாமியாரை வைத்துச் சோதிக்காதீர்கள், சாக்பீஸை வைத்துச் சோதியுங்கள்.

'தமிழ்' ஒரு மொழியின் பெயர். பெயர்களுக்குத் தனி வழக்கு. மொழி, ஊர், தெரு, பெரும்பாலான நாடுகள் ஆகியவற்றுக்கு 'தி' வேண்டியதில்லை. நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், எண்ணூர், ராஜாஜி சாலை எதற்கும் 'தி' கிடையாது. ஆறு, கால்வாய், கடல் என்று வந்தால் உண்டு: 'தி கொசஸ்தலையார்', 'தி பக்கிங்ஹாம் கெனால்', 'தி பே ஆஃப் பெங்கால்'. 'சென்னை போர்ட்' என்றால் வெறுமனே நிற்கும். அதையே 'போர்ட் ஆஃப் சென்னை' என்று திருப்பிப் போட்டால் 'தி' வந்து உட்காரும். பெருந்துறைமுகங்களின் நிர்வாகத்தை மாற்றிய 2021 சட்டத்துக்குப் பிறகு வந்த 'தி சென்னை போர்ட் அதாரிட்டி'க்கும் 'தி' உண்டு, அது இடமில்லை, நிர்வாகம். அதேபோல 'தமிழ்நாடு' வெறுமனே, 'தி தமிழ்நாடு கவர்ன்மென்ட்' 'தி'யோடு. தேரடிவாசி தினமும் எழுதுகிற சொற்கள் இவை. ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளலாம்.

'நேரம்', 'பொறுமை' போன்றவை எண்ண முடியாதவை. பொதுவாகச் சொன்னால் வெறுமனே நிற்கும், குறிப்பிட்ட நேரமானால் 'தி டைம்' வரும். எழுவாய்க்கு உருபு இல்லைதான். அங்கே "அந்த" என்று சேர்த்துப் பாருங்கள். "கப்பல் வந்தது" என்பதை "அந்தக் கப்பல் வந்தது" என்றால் பொருள் மாறாமல் நிற்கிறதா? நின்றால் 'தி'. "ஒரு கப்பல் வந்தது" என்றுதான் சொல்லத் தோன்றுகிறதா? அப்படியானால் 'எ'. ஆங்கிலத்திலும் 'தி' பிறந்தது பழைய சுட்டுச்சொல்லிலிருந்துதான், 'எ' பிறந்தது 'ஒன்' என்ற எண்ணிலிருந்துதான். நம் அந்தவும் ஒருவும் அதே வேலையைத்தான் செய்கின்றன, தேவைப்பட்டபோது மட்டும்.

'எ', 'ஆன்' பற்றி யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, இதில் நமக்குக் கொள்ளை லாபம் இருக்கிறது. முதலில் இருந்தது 'ஆன்'தான். மெய்யொலிக்கு முன்னால் 'ன்' உதிர்ந்து 'எ' ஆனது. உதிர்த்ததில் தடுமாறியும் இருக்கிறார்கள்: சமையலறையில் கட்டுகிற 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு 'ந்' கைமாறிவிட்டது. நாமும் ஓர் இரவு, ஒரு மாலை என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலப் பாடத்தில் "ஏ, ஈ, ஐ, ஓ, யூ முன்னால் 'ஆன்'" என்று சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது ஒலி, எழுத்து அன்று. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார். முதலெழுத்து உயிரெழுத்தானால் 'ஆன்', உயிர்மெய்யானால் 'எ'. 'எம்.எல்.ஏ.', 'எஃப்.ஐ.ஆர்.', 'எக்ஸ்ரே' மூன்றும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, எனவே 'ஆன்'. மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லும் அப்படியே. 'யூனிவர்சிட்டி', 'யூனிட்' உயிர்மெய், எனவே 'எ'. நம் எழுத்து ஒலியை எழுதுவதால் கிடைக்கிற சலுகை இது, ஆங்கிலேயப் பிள்ளைக்குக்கூடக் கிடையாது. 'ஒன்' போல ஒருசில சொற்கள் மட்டும் மோசம் செய்யும். நாம் 'ஒன் வே' என்று எழுதுகிறோம், அவர்கள் வாயில் அது வகர ஒலியோடு தொடங்குகிறது, எனவே 'எ ஒன் வே ரோடு'.

நம்மவர்கள் 'எ எம்.எல்.ஏ.' என்று தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. பேச்சில் நாம் 'எ'கரத்துக்கு முன்னால் ஒரு யகரத்தை நுழைத்து 'யெம்மெல்லே' என்போம். வாயில் மெய்யொலி வந்துவிடுவதால் 'எ' பொருத்தமாகத் தோன்றுகிறது. காது ஏமாற்றுகிற இடம் இது. கான்வென்ட் அதிகாரியிடமும் சொல்லிவை.


ராயபுரம் டேலி எழுதியது:

நான் இலக்கணக்காரன் இல்லை. துறைமுகத்தில் சரக்கை எண்ணி எழுதும் டேலி கிளார்க்காக இருந்தவன். எங்கள் தாள்களில் இந்தச் சின்னச் சொற்கள் என்ன வேலை பார்க்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டுக்கு பில் ஆஃப் லேடிங் என்று பெயர். அதில் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஒன் ஆஃப் விச் பீயிங் அக்கம்ப்ளிஷ்ட், தி அதர்ஸ் டு ஸ்டேண்ட் வாய்ட்.' அசல் பில் வழக்கமாக மூன்று தருவார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் செல்லாது என்பது பொருள். 'எல்லாம்' என்ற சொல் அந்த வரியில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. 'தி' தான் அந்த வேலையைச் செய்கிறது. 'தி அதர்ஸ்' என்றால் மிச்சமுள்ள அத்தனையும். 'தி' இல்லாமல் 'அதர்ஸ்' என்றால் வேறு சில. அந்த 'தி' விழுந்துவிட்டால், ஒருவர் ஒரு பில்லைக் காட்டிச் சரக்கை எடுத்த பிறகும், இன்னொருவர் இரண்டாவது பில்லோடு வந்து "என்னுடையது செல்லாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்க இடமாகிவிடும். தேரடிவாசி, நாளைக்கே ஒரு பில்லை எடுத்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள். இரண்டு அதிகாரிகளுக்கும் காட்டுங்கள்.

கப்பலை 'ஷீ' என்று சொல்வது பற்றியும் யாராவது கேட்பார்கள். லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய 'லாய்ட்ஸ் லிஸ்ட்' என்ற கப்பல் செய்தித்தாள், 2002-இல் 'ஷீ'யைக் கைவிட்டு 'இட்' என்று எழுத ஆரம்பித்துவிட்டது. ஆனால் கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தப் படிவங்களில் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1994-ஆம் ஆண்டு 'ஜென்கான்' படிவத்தில் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேரக்கூடிய இடம்வரை என்பதற்கு 'ஆஸ் ஷீ மே சேஃப்லி கெட்' என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் 'இட்' என்றே எழுதுங்கள். பழைய கேப்டன்கள் 'ஷீ' என்று எழுதினால் திருத்தப் போகாதீர்கள்.


தேரடிவாசி எழுதியது:

டீச்சர், டேலி ஐயா, கணக்கர் ஐயா, மூவருக்கும் நன்றி. பில் வரியை இன்று மதியம் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கண்ணில் பட்டும் படிக்காத வரி. முதலாமவரிடம் காட்டினேன், "அதுதான் நான் எல்லா இடத்திலும் 'தி' போடுகிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

'வீ' பற்றியும் ஆண்ட்ரியா பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்னொரு சந்தேகம்: நான் 'ஐ சென்ட் யெஸ்டர்டே' என்று எழுதியதைக் காதுக்காரர் சுழித்து, 'வாட்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்கு முந்தைய வரியே டெலிவரி ஆர்டரைப் பற்றியதுதான். "நேற்று அனுப்பிவிட்டேன்" என்றால் போதாதா?


தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

தமிழில் போதும். ஆங்கிலத்தில் போதாது. "அனுப்பிவிட்டேன்" என்ற ஒரே சொல்லில் யார் அனுப்பியது என்பது கடைசி 'ஏன்' விகுதியில் இருக்கிறது, எதை என்பது முந்தைய பேச்சில் இருக்கிறது. நாம் இரண்டையும் வெளியே சொல்வதில்லை. 'சென்ட்' என்ற வினை தனியாக நிற்காது. பின்னால் ஒரு பெயரோ, 'இட்'டோ இருந்தே தீர வேண்டும்: 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே'. 'ரிசீவ்ட்', 'அட்டாச்ட்', 'கெப்ட்' எல்லாம் இதே ஜாதி. மழை பெய்கிறது என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்களே, அந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று ஒரு பெண் வகுப்பில் கேட்டாள். எதையும் இல்லை. எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் போட்டது. எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார். முன்னால் ஆள் இருக்கிறதா, பின்னால் பொருள் வேண்டியதற்குப் பொருள் இருக்கிறதா என்று.

இப்போது 'வீ'. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். உன் முதலாளி 'நாம்' என்று நினைத்துச் சொன்னதை எதிர்க்கட்சி 'நாங்கள்' என்று படித்துக்கொண்டது. அவருக்கு அதுதான் லாபம், அப்படித்தான் படிப்பார். பணம் சம்பந்தப்பட்ட வரியில் 'வீ' போடவே போடாதே. 'தி இம்போர்ட்டர் ஹேஸ் டு பே தி டிடென்ஷன்' என்று கட்ட வேண்டியவரைப் பெயர் சொல்லி எழுது. உங்கள் தரப்பானால் 'அவர் ஆபீஸ் வில் பே'. முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறதே என்று முதலாளி முனகினால், கட்டணச் சீட்டை அவர் முன்னால் வை.

'ஹிஸ்' என்பதிலும் இதே ஆபத்து உண்டு. "மேனேஜர் டிரைவரிடம் தன் அடையாள அட்டையைக் கொடுத்தார்" என்றால் அட்டை மேனேஜருடையது என்பதைத் 'தன்' சொல்லிவிடுகிறது. 'தி மேனேஜர் கேவ் தி டிரைவர் ஹிஸ் கார்டு' என்பதில் அட்டை யாருடையது? கடவுளுக்கே வெளிச்சம். 'தன்' போல ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது, எனவே பெயரையே திரும்ப எழுது: 'தி மேனேஜர்ஸ் கார்டு'. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகு கெடும் என்று கட்டுரை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சரக்குக் கடிதத்துக்கு அழகு தேவையில்லை.

ஆண்ட்ரியா. இத்தாலியில் அது பெரும்பாலும் ஆண் பெயர், ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெண் பெயர். உறுதியாகத் தெரியாதவரை 'தே' என்று எழுதலாம். ஒருவருக்குப் பன்மையா என்று முதலாமவர் குதிப்பார். ஒருவரைக் குறிக்கும் 'தே' பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் புழங்குகிறது. 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். 'யூ' மட்டும் என்னவாம்? அதுவும் பன்மைக்கு உரியதாகத்தான் இருந்தது. ஒருவரைக் குறிக்க 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்காகப் பன்மையைச் சொல்லிச் சொல்லி 'தௌ' வழக்கொழிந்தது. அதனால்தான் ஒரே ஆளைப் பார்த்தும் 'யூ ஆர்' என்கிறோம். ஒற்றை ஆளை "அவர் வந்தார்" என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. வினை மட்டும் கவனம்: ஆண்ட்ரியா ஒருவரே ஆனாலும் 'தே ஆர்', 'தே ஹேவ்'. 'தே இஸ்' என்று எழுதிவிடாதே.

இன்னும் நல்ல வழி, பிரதிப் பெயரையே தவிர்ப்பது. 'ஆண்ட்ரியா ஹேஸ் கன்ஃபர்ம்ட் தி பேமென்ட்' என்று பெயரையே போட்டுவிடு. அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும்.


வியாசர்பாடி இளவல் எழுதியது:

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. நேர்முகத் தேர்வில் அறிமுகம் செய்துகொள்ளும்போது 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயரைச் சொல்கிறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சரிதானே?


தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

இல்லை தம்பி. 'மைசெல்ஃப்' வர வேண்டுமானால் அதே வாக்கியத்தில் முன்னால் 'ஐ' இருக்க வேண்டும்: 'ஐ டாட் மைசெல்ஃப் டைப்பிங்'. அறிமுகத்துக்கு 'ஐ ஆம்' என்று சொல்லிப் பெயரைச் சொல். 'மை நேம் இஸ்' என்றும் சொல்லலாம். அலுவலகக் கடிதங்களில் 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று எழுதுகிறவர்களும் இதைப் படிக்கட்டும். அது 'ப்ளீஸ் கான்டாக்ட் மீ'. விண்ணப்பத்தில் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எங்காவது இருந்தால் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்துக்கொள். பலரில் ஒருவர் என்றுதானே சொல்கிறாய். எந்த மென்பொருளும் இதைத் திருத்திக் கொடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.